குளத்து மீனை அறுத்துப் பார்ப்பது எப்படி: வாளித் தண்ணீர் முதல் செவிக்கல் வரை

முதன்முதலாக மீனை ஆராய வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். மீனைக் கையில் வாங்கியதும் நன்றாகக் கழுவிவிடுகிறார்கள். கல்லுப்புப் போட்டுத் தேய்த்து, செதில் சுரண்டி, குடலை உருவி எறிந்துவிட்டு, வெள்ளை வெளேரென்று இருக்கும் மீனை மேசைமேல் வைத்து, "இதில் ஒன்றும் இல்லையே" என்பார்கள். இருந்ததெல்லாம் சாக்கடையில் போயிருக்கும்.

சமையலுக்கு வேண்டாததாக நாம் எறிகிற வழும்பு, செவுள், குடல், தலை ஆகியவற்றில்தான் நன்னீர் மீனின் வியப்புகள் இருக்கின்றன. அவையும் ஒரே வேகத்தில் அழிவதில்லை. தோலில் ஒட்டியிருக்கும் உயிர்கள் சில நிமிடங்களில் இறங்கிப் போய்விடும். குடல் சில மணி நேரத்தில் கரையும். எலும்பும், உட்காதுக்குள் இருக்கும் சின்னக் கல்லான செவிக்கல்லும் நாள்கணக்கில் காத்திருக்கும். எது முதலில் போய்விடுமோ அதை முதலில் பாருங்கள். கீழே உள்ள படிகளின் வரிசை இந்த ஒரு காரணத்தால் அமைந்தது. படிகளை மாற்றிப் போட்டால் ஏதாவது ஒன்றை இழப்பீர்கள்.

1. மீன் வருவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டியவை

முனை கூரான சின்னக் கத்தரிக்கோல், முனை மழுங்கிய கத்தரிக்கோல், இடுக்கி இரண்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சு, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், அளவுகோல், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. நுண்ணோக்கி இருந்தால் நல்லது. இல்லையென்றால் 140 மடங்கு பெரிதாக்கும் ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியே போதும்.

தட்டு இரண்டு வேண்டும், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. சிவப்புப் புழு வெள்ளைத் தட்டில் தெரியும். கண்ணாடி போன்ற தட்டைப்புழு வெள்ளைத் தட்டில் கண்ணுக்கே படாது, கறுப்பில் பளிச்சென்று தெரியும். கறுப்புத் தட்டு இல்லாமல் வேலையைத் தொடங்கியவர்கள் பாதியைத் தவற விட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உப்புநீர். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 முதல் 7 கிராம் உப்பு. தராசில் நிறுத்தே போடுங்கள். மீனின் உடலுக்குள் வாழும் புழுவை வெறும் குழாய்த் தண்ணீரில் போட்டால், தண்ணீர் அதன் உடலுக்குள் புகுந்து ஊதி வெடித்துவிடும். பிறகு அது என்ன புழு என்று யாராலும் சொல்ல முடியாது.

மூடியுள்ள சின்னப் புட்டிகள், 70 விழுக்காடு ஆல்கஹால், கெட்டித் தாள், பென்சில். பேனா வேண்டாம், அதன் காரணம் கடைசிப் படியில் வருகிறது.

கையுறை கட்டாயம். மீனைக் கையாளும்போது ஏற்படும் சின்னக் கீறல் வழியே மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற நுண்ணுயிர் புகுந்து வாரக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கும். கையில் ஏற்கெனவே காயம் இருந்தால் அன்றைக்கு மீனைத் தொடாமல் குறிப்பு மட்டும் எழுதுங்கள்.

2. எந்த மீனை, எங்கே, எப்படி வாங்குவது

முதல் மீனுக்கு ஜிலேபி நல்லது. எங்கும் கிடைக்கும், விலை குறைவு, உறுப்புகள் பெரிதாகத் தெரியும், செவிக்கல்லும் எளிதில் வரும். இரண்டாவதாக ரோகு அல்லது சாதாக் கெண்டை. மூன்றாவதாக விரால். இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மட்டுமே ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை என்பது விளங்கும். ஒரே வகை மீனைப் பத்து முறை அறுத்தவருக்குப் பத்து முறையும் அது சாதாரணமாகவே தெரியும்.

வளர்ப்புக் குளத்து மீனைவிடக் கண்மாய், ஏரி மீனில் கிடைப்பது அதிகம். அங்கே நத்தை, கொக்கு, நீர்க்காகம், மட்டி எல்லாம் சேர்ந்து வாழ்கின்றன. மீன்புழுக்கள் பலவற்றுக்கு வாழ்க்கை முழுமை பெற இவற்றில் இரண்டு மூன்று உயிர்கள் தேவை. கோடையில் தண்ணீர் வற்றிக் கண்மாயில் ஊத்தா போட்டு மீன்பிடிக்கும் நாள் கிடைத்தால் விடாதீர்கள். விரால், குறவை, கெளுத்தி, உழுவை, பனையேறிக் கெண்டை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

கடையில் வாங்கினால் முதல் வார்த்தையே இதுவாக இருக்கட்டும்: "அண்ணே, அறுக்க வேணாம், கழுவவும் வேணாம், முழுசா அப்படியே குடுங்க." சொல்லத் தாமதித்தால் பழக்கதோஷத்தில் அவர் கை செவுளைப் பிடுங்கிவிடும். ஒவ்வொரு மீனையும் தனிப் பையில் போடச் சொல்லுங்கள். ஒரே பையில் போட்டால் ஒன்றன் மேலிருந்த பேன் இன்னொன்றில் ஏறி, எது எதிலிருந்து வந்தது என்பதே தெரியாமல் போகும்.

ஆராய்ச்சிக்கென்று உயிர்மீனைக் கொல்லவோ, காப்பிடங்களில் பிடிக்கவோ வேண்டாம். ஆற்று வாளை போன்ற அருகிவரும் மீனைப் பிடித்துத் தரச் சொல்லியும் கேட்காதீர்கள். எப்படியும் சமையலுக்கு வந்துவிட்ட மீன் நமக்குப் போதும்.

3. கழுவாத மீனும் அது வந்த தண்ணீரும்

மீன் கிடந்த பைத்தண்ணீரை முதலில் வெள்ளைத் தட்டில் ஊற்றுங்கள். மீன் இறந்ததும் மீன் பேன் அதை விட்டு இறங்கிவிடும். சின்னப் பொட்டு அளவில், தட்டையாக, ஒளி ஊடுருவும் உடலோடு தண்ணீரில் சுற்றி நீந்தும். கைலென்ஸில் பார்த்தால் இரண்டு வட்டக் கிண்ணங்கள் கண்போலத் தெரியும். அவை உறிஞ்சிகள், கண் அல்ல. பெயர் பேன் என்றாலும் இது இறால், நண்டு இனத்தோடு சேர்ந்தது.

அடுத்து தோலைத் துடுப்பு துடுப்பாகப் பாருங்கள். துடுப்பின் அடியில் முடிபோல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள். அது நங்கூரப் புழுவாக இருக்கலாம். பெண் மட்டுமே இப்படி ஒட்டிக்கொள்ளும். தலைப்பகுதி நங்கூரம்போலக் கிளைத்து மீனின் தசைக்குள் ஊன்றியிருக்கும். இழுத்தால் வால்தான் கையோடு வரும், தலை உள்ளேயே நின்றுவிடும். சுற்றியுள்ள தசையோடு சேர்த்து வெட்டியெடுத்து, ஊசிமுனையால் தசையை மெல்ல விலக்குங்கள். வால் முனையில் இரட்டைப் பைகள் தொங்கினால் அவை முட்டைப்பைகள்.

நுண்ணோக்கி இருந்தால், கண்ணாடித் தகட்டின் ஓரத்தால் தோலின் வழும்பைத் தலையிலிருந்து வால் பக்கமாக வழித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் பாருங்கள். இங்கே குழாய்த் தண்ணீர் போதும், இவை வெளியே வாழ்பவை. கைரோடாக்டிலஸ் என்ற தட்டைப்புழு கிடைத்தால் அதன் வயிற்றைக் கவனியுங்கள். அது முட்டையிடாது. உள்ளே ஒரு குட்டி இருக்கும், அந்தக் குட்டிக்குள்ளேயே அடுத்த தலைமுறை வளரத் தொடங்கியிருக்கும். அரை மில்லிமீட்டர் உடலில் தாய், மகள், பேத்தி. இதைப் பார்த்த பிறகு யாரும் வழும்பைச் சாம்பல் போட்டுத் தேய்க்க அவசரப்படுவதில்லை.

4. நீளமும் எடையும்

அறுத்த பிறகு எடை மாறிவிடும், அதனால் இப்போதே எடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால்துடுப்பு தொடங்கும் இடம் வரை ஒரு நீளம், வால் நுனி வரை ஒரு நீளம். இரண்டையும் எழுதுங்கள், எது எது என்றும் எழுதுங்கள். "நீளம் 30" என்று மட்டும் எழுதிய குறிப்பால் பயனில்லை.

எடையை 100 ஆல் பெருக்கி, மொத்த நீளத்தை மூன்று முறை பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் மீனின் உடல்நிலைக் குறியீடு கிடைக்கும். 30 செ.மீ., 405 கிராம் என்றால் 40500 வகுத்தல் 27000, அதாவது 1.5. ஒரே இனத்துக்குள் மட்டுமே இதை ஒப்பிட வேண்டும். விரால் நீண்ட உடல், கட்லா குண்டு உடல். இரண்டையும் ஒப்பிட்டு விரால் மெலிந்திருக்கிறது என்று எழுதுவது பிழை. அதே குளத்தில் பிடித்த அதே இனத்தில் ஒன்று மட்டும் குறைந்திருந்தால், அதன் வயிற்றைத் திறக்கும்போது கூடுதல் கவனம் வையுங்கள்.

5. வாயைத் திறப்பது

பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி இது. மழுங்கிய முனையால் வாயை மெல்லத் திறந்து, டார்ச் அடித்து, தொண்டை வரை பாருங்கள். அதற்கு முன்னால் கீழே ஒரு தட்டு வையுங்கள்.

தட்டு எதற்கென்றால், மொசாம்பிக் ஜிலேபியில் பெண்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் இன்று தமிழகத்தின் பெரும்பாலான நீர்நிலைகளில் இருக்கிறது. பிடிபடும்போது பெரும்பாலும் துப்பிவிடும். ஆனாலும் நான்கைந்து மஞ்சள் முட்டைகளோ, வயிற்றில் மஞ்சள் கரு ஒட்டிய குஞ்சுகளோ தொண்டையோரம் தங்கியிருக்கும். "மீன் தன் குஞ்சையே தின்றுவிட்டது" என்று ஒருவர் குறிப்பில் எழுதினார். தின்றிருந்தால் அவை இரைப்பையில் இருக்க வேண்டும், சிதைந்திருக்க வேண்டும். வாயில் முழுசாக இருப்பவை அடைகாக்கப்பட்டவை. எங்கே கிடைத்தது என்பதை எழுதாவிட்டால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது.

6. செவுள்: அவசரப்படக் கூடாத இடம்

செவுள்மூடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள், விரலால் பிய்க்காதீர்கள். உள்ளே நான்கு வளைவுகள் புத்தகத் தாள்கள்போல அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றையும் மேலும் கீழும் வெட்டித் தனித்தனியாக, வரிசை எண்ணோடு, உப்புநீரில் போடுங்கள். நான்கையும் ஒரே தட்டில் குவித்தால், எந்த வளைவில் எது இருந்தது என்ற செய்தி போய்விடும். சில ஒட்டுண்ணிகள் குறிப்பிட்ட வளைவையே தேடிப்போய்த் தங்குகின்றன.

செவுள் இழைகளில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, மிக்சோபோலஸ் என்ற நுண்ணுயிரின் கூடு. ஊசியால் குத்தினால் பால்போல ஒரு நீர் வரும், அதை நுண்ணோக்கியில் பார்த்தால் ஆயிரக்கணக்கான வித்துகள் தெரியும். மற்றொன்று, நன்னீர் மட்டியின் குஞ்சு. குளத்தில் கிடக்கும் மட்டி தன் இளம் பருவத்தில் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிச் சில வாரம் தங்கி, பிறகு விழுந்து சேற்றில் வாழத் தொடங்கும். நுண்ணோக்கியில் இரண்டு சின்ன ஓடுகள் கவ்வியிருப்பது தெரிந்தால் அது மட்டிக்குஞ்சு. மீனே இல்லாத குளத்தில் இந்த மட்டிகள் ஏன் பெருகுவதில்லை என்பது இதைப் பார்த்தால் புரியும்.

கெண்டைக் குடும்பத்து மீன்களின் செவுளில் சில மில்லிமீட்டர் நீளத்தில் பெருக்கல் குறி வடிவில் ஒன்று ஒட்டியிருந்தால், அதைப் பிரித்துப் பார்க்க முயலாதீர்கள். டிப்லோசூன் என்ற அது ஒரு புழு அல்ல, இரண்டு. இளமையில் இரண்டு புழுக்கள் சந்தித்து, நடு உடலில் ஒன்றோடொன்று திசுவாகவே ஒட்டி, வாழ்நாள் முழுக்கப் பிரியாமல் இருக்கும். துணை கிடைக்காத இளம்புழு முதிர்ச்சி அடைவதே இல்லை. புதியவர்கள் இதை இரண்டு புழு பின்னிக்கிடப்பதாக நினைத்து இடுக்கியால் இழுத்துக் கிழித்துவிடுகிறார்கள்.

இப்போது செவுளுக்கு மேலே உள்ள குழியைப் பாருங்கள். கெண்டையில் அங்கே ஒன்றும் இருக்காது. பனையேறிக் கெண்டையில் மடிப்பு மடிப்பாகச் சுருண்ட மெல்லிய எலும்புத் தகடுகள், ரோஜா இதழ்போல, இரத்தம் பாயும் தோல் போர்த்தி இருக்கும். காற்றை நேராக மூச்சிழுக்க உதவும் உறுப்பு அது. தண்ணீருக்கு மேலே வர முடியாமல் தடுத்தால் இந்த மீன் தண்ணீரிலேயே மூச்சுத்திணறிச் செத்துவிடும். 1791இல் தரங்கம்பாடியில் டல்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி பனைமரத்தில் இந்த மீனைக் கண்டதாக எழுதியதிலிருந்து மரமேறும் பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. ஏறுவதைவிட எனக்கு வியப்பு இந்தக் குழிதான்.

தேளி மீனில் இன்னும் ஆழமாகப் போக வேண்டும். முதலில் அதன் முன்துடுப்பு முட்களைத் தடித்த துணியால் பிடித்து அடியோடு வெட்டிவிடுங்கள். அவற்றில் நஞ்சு உண்டு, செத்த மீனின் முள்ளும் குத்தும். பிறகு செவுளறையின் பின்மேல் மூலையில் உள்ள துளையில் ஊசியில்லாத சிரிஞ்சை வைத்துக் காற்றை மெல்லச் செலுத்துங்கள். முதுகெலும்பின் பக்கவாட்டில், தசைக்குள்ளே, வால்பக்கம் வரை நீண்ட ஒரு குழாய் உப்பிக்கொண்டு போகும். அதுதான் அதன் காற்றறை. தசையை முதலில் வெட்டிவிட்டால் இந்தக் குழாய் கிழிந்து, இருந்த இடமே தெரியாது. வயிற்றுக்கு முன்பாகச் செவுளைப் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. கண்

கண்ணை இப்போதே எடுத்துவிடுங்கள், நேரம் போகப் போக மங்கும். கண்ணுக்குள் இருக்கும் வில்லை ஒரு கண்ணாடி மணி மாதிரி உருண்டையாக, தெளிவாக இருக்க வேண்டும். அது வெண்மையாக இருந்தால் உப்புநீரில் நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். டிப்லோஸ்டோமம் என்ற தட்டைப்புழுவின் இளம்பருவம் வில்லைக்குள் கூட்டமாக இருக்கலாம். நத்தையிலிருந்து வந்து மீனின் கண்ணை மறைக்கும் அந்தப் புழு, மீன்தின்னும் பறவையின் குடலில்தான் முதிரும்.

ஆனால் உறைய வைத்த மீனின் வில்லை எப்போதும் வெளுத்துத்தான் இருக்கும், வெந்த மீனிலும் அப்படியே. அதை நோய் என்று எழுதாதீர்கள். மீன் உறைந்ததா, பனிக்கட்டியில் வந்ததா, உயிரோடு வந்ததா என்பதை மீனை வாங்கும்போதே குறித்திருந்தால் இந்தக் குழப்பம் வராது.

8. வயிற்றை ஜன்னல்போலத் திறப்பது

சமையலறையில் வயிற்றில் ஒரு கீறல் போட்டு விரலை விட்டு எல்லாவற்றையும் வெளியே இழுப்போம். இங்கே உறுப்புகள் இருந்த இடத்திலேயே தெரிய வேண்டும்.

மீனின் தலை உங்கள் இடப்பக்கம் இருக்கும்படி படுக்க வையுங்கள். மலவாய்க்குச் சற்று முன்னால் கத்தரிக்கோலின் முனையை நுழைத்து, முனை எப்போதும் தோலை நோக்கி மேலே தூக்கியபடி, வயிற்றின் நடுக்கோட்டில் செவுள் வரை வெட்டுங்கள். முனை கீழே சாய்ந்தால் குடல் கிழியும். இரண்டாவது வெட்டு மலவாயிலிருந்து மேலேறி, முதுகெலும்புக்குக் கீழே வளைந்து, செவுள்மூடி வரை. அதிகம் மேலே போனால் காற்றுப்பை ஓட்டையாகும். பக்கச்சுவரைக் கதவுபோலத் தூக்கி வெட்டியெடுங்கள்.

உடனே கை வைக்காதீர்கள். ஒரு படம் எடுங்கள். பிறகு உப்புநீரைச் சிரிஞ்சால் ஊற்றி இன்னொரு படம். உறுப்பு எதையும் அசைப்பதற்கு முன் எடுத்த படம்தான் பின்னால் எல்லாச் சந்தேகங்களையும் தீர்க்கும்.

ஈரலை ஒட்டிப் பச்சையாகத் தெரியும் பித்தப்பையில் இடுக்கி படக் கூடாது. உடைந்தால் சுற்றியுள்ள எல்லாமே பச்சையாகி, இருந்த சின்னப் புழுவும் செத்துச் சுருங்கிவிடும்.

புதியவர்கள் புழு என்று எடுத்துத் தருவதில் பாதி புழு அல்ல. விராலின் இரைப்பை முடியும் இடத்தில் விரல்போல இரண்டு குழாய்கள் தொங்கும், அவை குடலின் கிளைகள். குடலைச் சுற்றி மஞ்சளாகக் கொழுப்புப் பட்டைகள் இருக்கும். சினைப் பருவம் இல்லாத ஆண்மீனின் விந்தகம் வெள்ளை நூல்போல நீண்டிருக்கும். சோதனை எளிது: எதோடாவது தொடர்பு இருக்கிறதா என்று மெல்ல இழுத்துப் பாருங்கள். புழுவுக்கு இரண்டு முனையும் சுதந்திரமாக இருக்கும், உப்புநீரில் போட்டால் பெரும்பாலும் அசையும்.

அந்த வெள்ளை நூலையும் எளிதாக விடாதீர்கள். ஒரு துண்டை நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்கும் பழக்கம் வேண்டும். 1998இல் இங்கிலாந்தில் ஜோப்ளிங், சம்ப்டர் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், கழிவுநீர் கலக்கும் ஆறுகளில் பிடித்த ஆண் ரோச் மீன்களின் விந்தகத்துக்குள்ளேயே முட்டை அணுக்கள் இருந்தன. வெளியே பார்த்தால் மீனில் எந்த வேறுபாடும் தெரியாது.

காற்றுப்பையைக் கடைசியில் தொடுங்கள். கெண்டையில் அது நடுவில் இறுக்கிய பலூன்போல இரண்டு அறையாக இருக்கும். முன்னறை தலைப்பக்கம் எதோடு ஒட்டியிருக்கிறது என்று கைலென்ஸில் பாருங்கள். இருபுறமும் பிறைபோல ஒரு சின்ன எலும்பு அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். 1820இல் வெபர் என்ற ஜெர்மன் அறிஞர் விளக்கிய சிற்றெலும்புச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அது. தண்ணீரில் வரும் ஒலியால் காற்றுப்பை அதிரும், அந்த அதிர்வை இந்த எலும்புகள் உட்காதுவரை கொண்டுபோகும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் காது கூர்மையாக இருப்பது இதனால்தான். காற்றுப்பையை வெடுக்கென்று பிடுங்குபவர்கள் இந்த எலும்புகளை ஒருநாளும் பார்க்க மாட்டார்கள். ஜிலேபியிலும் விராலிலும் இவற்றைத் தேட வேண்டாம், கிடையாது.

ஆற்று வாளை கையில் கிடைத்தால் காற்றுப்பையை உப்புநீருக்குள் வைத்துத் திறங்கள். உள்ளே இலைபோலத் தட்டையான, சில சென்டிமீட்டர் நீளமுள்ள ஐசோபாரார்க்கிஸ் என்ற புழு இருக்கலாம். காற்று மட்டுமே இருக்கும் என்று நாம் நினைக்கும் பைக்குள் அவ்வளவு பெரிய உயிர் இருப்பதை முதலில் பார்ப்பவர்கள் நம்ப மறுப்பார்கள்.

9. குடலை நீட்டி அளப்பது

குடலை இரு முனையிலும் வெட்டியெடுத்து, சுருளை இழுக்காமல் பிரித்து, அளவுகோலின் பக்கத்தில் வையுங்கள். ரோகுவின் குடல் உடல் நீளத்தைப்போலப் பல மடங்கு வரும். விராலின் குடல் உடலைவிடக் குறைவு. பாசியும் மக்கலும் தின்பவற்றுக்குச் செரிக்க நேரம் வேண்டும், இறைச்சி தின்பவற்றுக்கு வேண்டாம். கெண்டைக் குடும்பத்துக்கு இரைப்பையே கிடையாது. "இரைப்பையைக் காணவில்லை, தவறி எறிந்துவிட்டேன்" என்று பதறியவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்.

குடலை நீளவாக்கில் வெட்டி, உள்ளே இருப்பதை உப்புநீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை வடியுங்கள். மூன்று நான்கு முறை செய்தால் அடியில் புழுக்கள் மட்டும் நிற்கும். பனையேறிக் கெண்டையில் சிவப்பு நூல்போல வருவது காமல்லானஸ், இரத்தம் குடிப்பதால் அந்த நிறம். விரால், குறவையில் வெள்ளையாக, முனையில் முள் வைத்த துதிக்கையோடு குடற்சுவரில் குத்தி நிற்பது பாலிசென்டிஸ். இதை இழுக்காமல் குடற்சுவரோடு வெட்டி எடுங்கள். துதிக்கையை உள்ளே சுருக்கியிருந்தால், இந்த ஒரு புழுவை மட்டும் குழாய்த் தண்ணீரில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் சில மணி நேரம் வையுங்கள். முள்வரிசை வெளியே வரும். அந்த முட்களை எண்ணித்தான் இனத்தைச் சொல்வார்கள்.

விராலின் இரைப்பையில் இரை கரைந்துபோயிருந்தாலும் வண்டலைச் சலித்துப் பாருங்கள். அது தின்ற சின்ன மீன்களின் செவிக்கற்கள் வெள்ளை அரிசிக் குருணைபோலக் கிடைக்கும். சதை கரைந்த பிறகும் எந்த மீனைத் தின்றது என்று அதை வைத்தே சொல்லலாம்.

10. தசை

தோலை உரித்து, தசையை விரல் கனத்துக்குக் கீற்றுப்போட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மஞ்சள் அரிசிமணி போன்றவை தெரிந்தால் அது கிளினோஸ்டோமம் என்ற தட்டைப்புழு. நத்தையில் தொடங்கி, மீனில் காத்திருந்து, கொக்கின் தொண்டையில் முதிர்வது. விரால் தசையில் சிவப்பாகச் சுருண்ட புழு ஒரு கூட்டுக்குள் இருந்தால் யூஸ்ட்ராங்கிலைடிஸ் ஆக இருக்கலாம். அதற்கும் மீன்தின்னும் பறவைதான் கடைசி வீடு.

இதைப் பார்த்ததும் இனி விரால் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். கொதிக்கும் குழம்பில் நன்றாக வெந்த மீனில் எந்தப் புழுவும் பிழைக்காது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால்தான் ஆபத்து. ஆராய்ந்த மீனை மட்டும் சமைக்க வேண்டாம், ஆல்கஹால் பட்டிருக்கும்.

11. தலை: பொறுமைக்கான கூலி இங்கே

முதலில் தொண்டைப்பல். கெண்டையின் தாடையில் பல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். கடைசிச் செவுள் வளைவுக்குப் பின்னால், வளைந்த எலும்பு ஒன்று இருபுறமும் இருக்கும். அதைச் சுற்றியுள்ள தசையை வெட்டி எடுத்து, சுடுநீரில் ஒரு நிமிடம் போட்டு, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். சாதாக் கெண்டையில் நம் கடைவாய்ப்பல் போன்ற தட்டைப் பற்கள், ஒரு பக்கத்துக்கு மூன்று வரிசையில் மூன்றும் ஒன்றும் ஒன்றுமாக நிற்கும். நத்தை ஓட்டை அரைக்கும் ஆலை அது. புல்கெண்டையில் அதே இடத்தில் சீப்புப்போல இருக்கும். வரிசையை எண்ணுவதற்கு முன் விழுந்த பற்களின் குழியையும் எண்ணுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தவறும்.

அடுத்து செவிக்கல். ஜிலேபியிலோ விராலிலோ பழகுங்கள். கண்ணின் மேல்விளிம்பு மட்டத்தில் மண்டையோட்டின் கூரையைக் கிடைமட்டமாக அரிந்தெடுங்கள். கத்தி ஆழமாகப் போனால் கல் உடையும். மூளை வெளிர்நிறத்தில் தெரியும். அதை முன்பக்கமிருந்து மெல்லத் தூக்கினால், பின்னால் இருபுறமும் அடிக்குழியில் வெள்ளைக் கற்கள் இருக்கும். இடுக்கியால் அழுத்தாமல் தூக்கி, தண்ணீரில் அலசி, உலர்த்தி, காகித உறையில் போடுங்கள். ஃபார்மலினில் போட்டால் அதன் அமிலத்தில் கல் கரைந்துவிடும்.

மீனுக்கு மூன்று இணைச் செவிக்கற்கள். ஜிலேபியில் பெரியது சஜிட்டா. கெண்டையில் சஜிட்டா ஊசிபோல மெலிந்திருக்கும், பின்னால் இருக்கும் அஸ்டெரிஸ்கஸ்தான் பெரியது, தொட்டால் பொடியும். கெண்டையில் தொடங்கியவர்கள் கிடைக்கவில்லை என்று கைவிடுவது இதனால்தான்.

கல்லில் வளையங்கள் இருக்கும். எண்ணிய உடனே வயது சொல்லாதீர்கள். குளிர்நாட்டில் குளிர்காலம் ஒரு வளையம் போடும். நம் கண்மாய் மீனுக்கு வறட்சி, மழை, சினைக்காலம் என்று ஆண்டுக்கு ஒன்றுக்கு மேலும் விழலாம். செதில் வளையங்களுக்கும் இதே எச்சரிக்கை. இளமீனில் நாளுக்கொரு மெல்லிய வளையம் விழுவதை 1971இல் பன்னெல்லா என்ற ஆய்வாளர் காட்டினார். அதைப் பார்க்கக் கல்லை நைசான உப்புத்தாளில் தேய்த்து மெல்லிய தகடாக்கி, நல்ல நுண்ணோக்கியில் வைக்க வேண்டும்.

சரியாகப் படித்தால் இந்தக் கல் எவ்வளவு சொல்லும் என்பதற்கு அமெரிக்காவின் பிக்மௌத் பஃபலோ என்ற நன்னீர் மீன் நல்ல சான்று. அதிகம் போனால் 26 ஆண்டு வாழும் என்று நினைத்திருந்தார்கள். 2019இல் லாக்மன் குழுவினர் செவிக்கல்லை மெல்லிய தகடாக அறுத்து எண்ணியபோது 112 வளையங்கள் வந்தன. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 கல்லில் பதிந்திருந்ததை வைத்து அந்த எண்ணிக்கை முறையையே சரிபார்த்தார்கள். ஒரு நூற்றாண்டு வாழ்ந்த மீனைப் பயனற்ற மீன் என்று எறிந்துகொண்டிருந்தார்கள். பெரிய மீனின் தலையை எறியும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

12. புட்டியும் சீட்டும்

உயிருள்ள புழுவை நேராகக் குளிர்ந்த ஆல்கஹாலில் போட்டால் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். ஒரு சொட்டு உப்புநீரில் வைத்து, கொதிக்கப்போகும் சூட்டில் உள்ள தண்ணீரை மேலே ஊற்றுங்கள், நீண்டு விறைக்கும். பிறகு 70 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். ஆல்கஹாலை அடுப்பில் சூடாக்கவே கூடாது, தீப்பற்றும். மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் ஒரு புழுவையாவது சூடாக்காமல் 95 விழுக்காடு ஆல்கஹாலில் தனியாக வையுங்கள்.

சீட்டு புட்டிக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியே ஒட்டியது உரியும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்து சீட்டு வெள்ளைத் தாளாகிவிடும். மீனின் பெயர், நீளம், எடை, நீர்நிலையின் பெயர், ஊர், தேதி, எந்த உறுப்பில் கிடைத்தது, எத்தனை கிடைத்தன. கடைசி இரண்டும் இல்லாத புட்டியை வாங்கிப் பார்க்கும் விலங்கியல் ஆசிரியருக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

ஒன்றும் கிடைக்காத மீனுக்கும் அதே குறிப்பை எழுதுங்கள். பத்து விராலில் மூன்றில் புழு இருந்தது என்று சொல்ல, இல்லாத ஏழும் ஏட்டில் இருந்தாக வேண்டும்.

மிச்சத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறிய வேண்டாம், நாய்க்கும் பூனைக்கும் போட வேண்டாம். வேறோர் ஊர்ப் புழு அங்கே குடியேற அது வழியாகும். முழங்கை ஆழத்துக்குக் குழிதோண்டிப் புதைத்து, மேலே கல் வையுங்கள். தட்டையும் கத்தரிக்கோலையும் சோப்பு போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்த பிறகு அடுத்த மீனை எடுங்கள்.